தோட்டக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி: முதல் நூறு நாளில் செய்ய வேண்டியவை

மோட்டார் அறையில் கேபிள் திருட்டு, இரவில் ஆட்டுப்பட்டிக்குள் புகும் தெருநாய்கள், நிலக்கடலை முற்றும் பருவத்தில் வரும் காட்டுப்பன்றிகள். தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிகள் பெரிய இன நாய்க்குட்டியைத் தேடிப் போக இப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கும். தென் மாவட்டங்களில் பலரும் விரும்புவது ராஜபாளையம். வெள்ளை நிறம், நீண்ட கால்கள், இளஞ்சிவப்பு மூக்கு எனப் பார்த்ததும் அடையாளம் தெரியும். 2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது.

குட்டி தோட்டத்துக்கு வந்த பிறகு நடப்பதுதான் கவலைக்குரியது. பல இடங்களில் வந்த அன்றே தென்னை மரத்தடியில் சங்கிலியால் கட்டிவிடுகிறார்கள். சோறு வைப்பவரைத் தவிர வேறு யாரும் அருகே போவதில்லை. ஓராண்டில் அது 25 முதல் 30 கிலோ எடையுள்ள நாயாகிவிடும். அப்போது அதை அவிழ்த்துவிடவும் முடியாது, ஊசி போடப் பிடிக்கவும் முடியாது. என்றாவது சங்கிலி அறுந்தால் களையெடுக்க வந்த பெண்ணோ, பள்ளி விட்டு வரும் குழந்தையோ கடிபடுவார்கள். இல்லையென்றால் சொந்தப் பட்டியில் இருக்கும் ஆட்டுக்குட்டி. வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்து மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ ஏற்படும் நிலையை உண்டாக்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

‘யாரோடும் பழகவிடாமல் வளர்த்தால்தான் காவல் நன்றாக இருக்கும்’ என்பது பரவலான நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. அன்றாடம் எது வழக்கம் என்று தெரிந்த நாய்தான், வழக்கத்துக்கு மாறானதைக் கண்டு குரைக்கும். எதையும் பார்க்காமல் வளர்ந்த நாய்க்கு எல்லாமே பயம்தான். அது பால்காரருக்கும் குரைக்கும், திருடனுக்கும் குரைக்கும். சில நாள்களில் அதன் குரைப்பை வீட்டில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

குட்டியைத் தேர்வு செய்யும்போது

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்கக் கூடாது. நாய் இனவிருத்தி, விற்பனை தொடர்பான 2017-ம் ஆண்டு மத்திய விதிகளும் எட்டு வாரத்துக்கு முன் விற்பதைத் தடை செய்கின்றன. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. ஐந்து வாரத்திலேயே பிரித்து வந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

தாயை நேரில் பாருங்கள். அந்நியரைக் கண்டு ஒதுங்கி நிற்பது இந்த இனத்தின் இயல்பு. ஆனால் உரிமையாளர் அருகில் இருக்கும்போதே பாய்ந்து கடிக்க வரும் தாயின் குட்டியைத் தவிர்ப்பது நல்லது.

வெள்ளை நிற இனங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை ஏற்பட வாய்ப்பு அதிகம். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது உங்களைக் காணாதபடி பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் திரும்பிப் பார்த்ததால் இதுவும் திரும்பக்கூடும் என்பதால், தனியாகப் பிரித்து வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழக்கும் காலம் மிகக் குறைவு

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, முடிவுகளை 1965-ம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12-வது வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும் என்பது அதன் முக்கியமான முடிவு. இக்காலத்தில் மனிதரையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகளைப் பின்னாளில் பழக்குவது மிகக் கடினமாக இருந்தது. இந்தப் பருவம் 14 வாரம் வரை நீளலாம் என்று இன்று கொள்கிறார்கள். அதாவது, எட்டு வாரக் குட்டியை வாங்கி வரும் விவசாயிக்குக் கிடைப்பது ஆறு வாரம்தான். நாற்று வயதைத் தாண்டி நடவு செய்த பயிரைப்போலத்தான் இதுவும். பின்னால் எவ்வளவு பாடுபட்டாலும் இழந்ததை முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

இந்த ஆறு வாரத்தில் குட்டி பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். மனிதர்களில் வேலையாட்கள், குழந்தைகள், கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர்கள், தலையில் புல்லுக்கட்டு சுமந்து வருபவர்கள், தலைக்கவசம் அணிந்தவர்கள், குடை பிடித்து வருபவர்கள். ஒலிகளில் டிராக்டர், பவர் டில்லர், விசைத்தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம், பட்டாசு. தினமும் ஒன்றிரண்டு புதியவை போதும்.

எதையும் திணிக்கக் கூடாது. டிராக்டர் ஓடும்போது குட்டியை அருகே இழுத்துச் செல்லாமல், அது பயப்படாத தூரத்தில் நிறுத்தி வேகவைத்த கோழிக்கறித் துண்டோ முட்டைத் துண்டோ கொடுங்கள். வாலைக் காலிடுக்கில் செருகினாலோ, உடல் நடுங்கினாலோ, தின்பண்டத்தை மறுத்தாலோ தூரம் போதவில்லை என்று பொருள். இன்னும் தள்ளிச் செல்லுங்கள். குட்டி தானாக முன்வரும் அளவுக்கே நெருங்க வேண்டும். தினமும் காது, வாய், பாதம், வால் ஆகியவற்றைத் தொட்டுப் பழக்குங்கள். உண்ணி எடுக்கவும் ஊசி போடவும் பிறகு சிரமம் இருக்காது.

தடுப்பூசி முடியும் முன் வெளியே விடலாமா?

தடுப்பூசி வரிசை முடிய 16 வாரம் ஆகும். பழக்கும் பருவமோ 14 வாரத்தில் முடிகிறது. அதனால் ஊசி முடியும் வரை குட்டியை அடைத்து வைத்தால் பழக்கும் காலம் கைநழுவிவிடும். வேலிக்குள் உள்ள சொந்தத் தோட்டத்தில் விடலாம். ஊருக்குள் போகும்போது கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். தெருநாய்கள் நடமாடும் இடம், சந்தை, குளத்துக்கரை ஆகியவற்றில் தரையில் இறக்கக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ரத்தக் கழிச்சலில் நாய் இறந்துபோன இடத்துக்குப் புதுக் குட்டியைக் கொண்டுவரும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். எலி நடமாட்டமுள்ள நெல் வயல்களில் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், அதற்கான பாதுகாப்பும் அந்த ஊசியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் காலத்தில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் போட வேண்டும். குட்டிக்கும் வெறிநோய் வரும். எந்த நாய் கடித்தாலும் நகத்தால் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது.

குடற்புழு நீக்கத்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் செய்யலாம். ஆடு வளர்ப்போர் இதில் தவறவே கூடாது. ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாகத் தின்ற நாயின் வயிற்றில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை, நாயின் சாணம் வழியாக மேய்ச்சல் நிலத்துக்குப் போய் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியை உண்டாக்கும். தலையைச் சாய்த்து வட்டமடித்து மடியும் ஆடுகள் பலவற்றுக்கு இதுவே காரணம். வேறொரு வகை நாடாப்புழு மனிதரின் கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டியை ஏற்படுத்தும். இறைச்சிக் கழிவை நன்றாக வேகவைத்தே போட வேண்டும்.

ஆடு, கோழிகளோடு பழக்குதல்

ராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் உள்ளது. எனவே பட்டிக்குள் அவிழ்த்துவிட்டு ‘தானாகப் பழகிவிடும்’ என்று இருந்துவிடக் கூடாது. குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பட்டிக்கு வெளியே உட்காருங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுங்கள். காலை, மாலை பத்து நிமிடம் போதும். சில வாரங்களில் ஆடு என்பது அதற்குப் புதுமையாக இருக்காது. சாதுவான தாய் ஆட்டோடு முதலில் பழக்கலாம். குட்டிகளும் கோழிக்குஞ்சுகளும் கடைசியில்தான். கன்றோ, மாடோ முட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு ஒன்றரை, இரண்டு வயதாகும் வரை கால்நடைகளோடு தனியே விடாதீர்கள்.

முயல், மயில், மான் ஆகியவற்றைத் துரத்தும்போது ஊக்கப்படுத்தக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாயை விட்டு வேட்டையாடுவதும் குற்றமே. இன்று முயலைத் துரத்திப் பழகிய நாய், நாளை பக்கத்துத் தோட்டத்து ஆட்டைத் துரத்தும்.

நான்கு சொற்கள் போதும்

‘வா’, ‘உட்கார்’, ‘இரு’, ‘விடு’ ஆகிய நான்கும் தெரிந்த நாயைத் தோட்டத்தில் நிம்மதியாக வைத்திருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும். ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று, நான்கு முறை. சொன்னதைச் செய்த நொடியிலேயே தின்பண்டமும் பாராட்டும் கிடைக்க வேண்டும். தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியாது.

‘வா’ என்று கூப்பிட்டுவிட்டு ஒருபோதும் அடிக்காதீர்கள். அடுத்த முறை அது வராது. வாயில் கவ்விய பொருளைப் பிடுங்காமல், வேறொரு தின்பண்டத்தைக் காட்டி ‘விடு’ என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் நான்கு முதல் ஏழு மாதம் வரை கண்டதையும் கடிக்கும். கையைக் கடித்தால் விளையாட்டை உடனே நிறுத்தி எழுந்துவிடுங்கள். மெல்லுவதற்குத் தடித்த பருத்திக் கயிற்று முடிச்சைக் கொடுங்கள். குட்டி மேலே தாவுவதைக் கண்டு சிரிக்காதீர்கள். முப்பது கிலோ எடையில் அதே தாவல் வீட்டுப் பாட்டியைக் கீழே தள்ளிவிடும்.

தூங்கி எழுந்ததும், உணவு உண்டதும், விளையாடி முடித்ததும் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் கூட்டிச் சென்றால், சில வாரங்களில் அங்கேயே மலம், சிறுநீர் கழிக்கப் பழகிவிடும். வீட்டுக்குள் போய்விட்டதற்காக அதன் மூக்கைத் தேய்ப்பதால் பயம்தான் வளரும்.

தீவனமும் எலும்பும்

வெறும் தயிர்ச்சோறும் கூழும் வளரும் குட்டிக்குப் போதாது. முட்டை, வேகவைத்த கறி, மீன் என ஏதாவது ஒரு புரதம் தினமும் வேண்டும். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பின் இரண்டு வேளை. பெரிய இனக் குட்டி மெதுவாக வளர்வதே நல்லது. கொழுக்க வைத்தால் மூட்டுகள் கெடும். கால்சியம் டானிக்கைத் தாமாக வாங்கி ஊற்றக் கூடாது. குறைந்தாலும் எலும்பு வளையும். கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குப் பிறகும் சில மாதங்கள் வரை இருசக்கர வாகனத்துக்குப் பின்னால் ஓடவிடாதீர்கள்.

பண்ணையில் உள்ள ஆபத்துகள்

துத்தநாக பாஸ்பைடு, புரோமடியோலோன் போன்ற எலி மருந்துகளை உணவோடு கலந்து வைப்பதால் நாயும் தின்றுவிடும். புரோமடியோலோன் தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து. எலி வளைக்குள் வைத்து மண்ணால் மூடுங்கள். செத்த எலிகளைப் புதையுங்கள். காலி மருந்துப் புட்டிகளும், மருந்து கலக்கிய வாளியும் குட்டிக்கு எட்டக் கூடாது. மருந்து தெளித்த வயலில் நடந்த குட்டி பாதத்தை நக்கும் என்பதால் அன்று வயலுக்குள் விடாதீர்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ, மாட்டுக்குப் பூசும் உண்ணி மருந்தையோ நாய்க்குத் தடவவே கூடாது. விஷம் தின்றது தெரிந்தால் உப்புக்கரைசல், பால் என்று ஊற்றாமல், மருந்தின் உறையோடு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பகலில் வேலையாட்கள் நடமாடும் நேரத்தில், நிழலும் தண்ணீரும் உள்ள கம்பிவேலி அடைப்பில் வைக்கலாம். இரவில் வேலிக்குள் அவிழ்த்துவிடலாம். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமாகும். காட்டுப்பன்றியோடு சண்டையிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். குரைத்து உங்களை எழுப்புவதே அதன் வேலை.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எலி ஒழிப்புப் பயிற்சியிலும் ஆடு வளர்ப்புக் கூட்டத்திலும் நாய்க்கான தடுப்பூசி, குடற்புழு நீக்கம் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். உள்ளூர் கால்நடை உதவி மருத்துவரையும் அழையுங்கள். வாங்க நினைக்கும் விவசாயி தீர்மானிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. முதல் நூறு நாள், தினமும் அரை மணி நேரம் குட்டியோடு இருக்கப்போவது வீட்டில் யார்? அந்தப் பெயர் முடிவான பிறகு குட்டியைப் பார்க்கப் போகலாம். அதுவரை வேலியைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்குங்கள்.