சால் அறையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்: 50 ஆண்டாகத் தீராத ஒரு கிதார் ஆசை

மும்பை கிங்ஸ் சர்க்கிள் ரெயில் நிலையத்தில் இறங்கி, "சண்முகானந்தா அரங்கம் எங்கே?" என்று கேட்டால் வழி சொல்லாத தமிழர் கிடையாது. 1952-ல் சபாவாகத் தொடங்கி, 1963-ல் சொந்த அரங்கம் கட்டி, 1990-ல் தீயில் கருகி, 1998-ல் மறுபடியும் எழுந்து நிற்கும் இடம் அது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய மேடை என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

அதே அரங்கில், தோள்வரை முடி வளர்த்த இளைஞர்கள் மின்சார கிதாரை அலற விட்டதும் உண்டு என்றால் நம்புவீர்களா? 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் 'பீட்' இசைக் குழுக்களின் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. அதில் பேர் பெற்றது, ஒரு சிகரெட்டின் பெயரால் நடந்த 'சிம்லா பீட்' போட்டி. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுப் போட்டிகளின் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வந்தன. சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்', பெங்களூரின் 'டைனோசர்ஸ்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' முதலிய குழுக்களை அந்தத் தட்டுகளில் இன்றும் கேட்கலாம்.

இதை எனக்குச் சொன்னவர் இசை விமர்சகர் அல்ல. லேத் பட்டறையில் 35 வருடம் உழைத்து ஓய்ந்த, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் அவரைக் கூப்பிடுவது போலவே 'அண்ணாச்சி' என்று இங்கும் குறிப்பிடுகிறேன்.

டீ கொண்டுபோன பையன்

நான் ரெயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு நாள் ஊருக்குச் சாமான் புக் செய்ய அண்ணாச்சி வந்தார். பாத்திர மூட்டை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதியாயிற்று. கையில் ஒரு நீளமான மரப்பெட்டி இருந்தது. "அதையும் எழுதட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் தம்பி. இது பார்சல்ல வராது. என்கூடத்தான் வரும்" என்றார்.

உள்ளே என்ன என்று கேட்டேன். கிதார் என்றார். கிண்டலாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்தபோது மறுக்காமல் போனேன்.

அவர் குடியிருப்பது நான்கு மாடிச் சால் ஒன்றின் 10-க்கு 12 அறை. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். தென்காசிப் பக்கம் மகன் வீட்டுக்குப் போக ஏற்பாடு.

அண்ணாச்சி கூறியதாவது:

"எனக்கு அப்போ பதினேழு, பதினெட்டு வயசு. சண்முகானந்தா பக்கத்துல ஒரு டீக்கடையில வேலை. ஒருநாள் உள்ளே டீ கொண்டு போகச் சொன்னாங்க. பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பட்டறையில இரும்பை ராவுத மாதிரி இருக்கு, ஆனா அதுக்குள்ள ராகம் இருக்கு! டீ கிளாஸோட நின்னுட்டேன். டீ ஆறிப் போச்சு. முதலாளிகிட்ட ரெண்டு அடி வாங்கினேன். அன்னைக்குப் பிடிச்சது இன்னும் விடலை."

இது என்ன இசை?

'சைக்கடெலிக்' என்ற சொல்லை 1956-ல் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். உள்ளத்தை வெளிப்படுத்துவது என்று பொருள்படும் கிரேக்க மூலத்திலிருந்து பிறந்தது. எல்.எஸ்.டி. என்ற மயக்க மருந்தைப் பற்றிய பேச்சில் புழங்கிய இந்தச் சொல், 1960-களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிளம்பிய ஒரு ராக் இசைக்குப் பெயராகி ஒட்டிக்கொண்டது.

அந்த இசையின் உயிர் மின்சார கிதார். அதன் சூட்சுமத்தை அண்ணாச்சி எனக்கு நம்மூர் பாணியில் விளக்கினார். கோயில் கொடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் 'கூ' என்று அலறும் அல்லவா? பெருக்கியிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வரும் அலறல் அது. கிதார் கம்பிக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. வாசிப்பவர் ஒலிபெருக்கி அருகே நின்றால் கம்பியும் அதே போல அதிர்ந்து அலறும். நம் மைக்செட்காரர் ஓடிவந்து அடக்கும் அந்தச் சத்தத்தை, கையால் அடக்கியும் விட்டும் சங்கீதமாக்கியவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

'வா-வா' என்றொரு கால்கட்டை 1967-ல் கடைக்கு வந்தது. அதை மிதித்தால் கிதார் குழந்தை அழுவது போல வாய் திறந்து மூடும். 'ஃபஸ்' என்பது கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பு. இங்கிலாந்தில் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், 1964-ல் தம் ஸ்பீக்கரை பிளேடால் கீறியே அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தார்.

"எனக்கு பிளேடு தேவைப்படலை. சோர் பஜார்ல வாங்கின பழைய வால்வு ரேடியோ, ஏற்கெனவே கிழிஞ்ச ஸ்பீக்கர். பின்னால கிராமபோன் வயர் மாட்டுத ஓட்டையில கிதாரைச் சொருகினா போதும். மூணாவது மாடி வரைக்கும் திட்டுவாங்க" என்று சிரித்தார் அண்ணாச்சி.

விறகு மாதிரி ஒரு குச்சி

ஹெண்ட்ரிக்ஸ் 1942 நவம்பர் 27-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். ஏழை வீடு. சிறுவயதில் துடைப்பத்தை கிதாராகப் பாவித்து வாசிப்பாராம். குப்பையில் கிடைத்த ஒற்றைக் கம்பி உகுலேலேதான் முதல் வாத்தியம். பிறகு 5 டாலருக்கு ஒரு பழைய கிதார். இடதுகைக்காரரான அவர், வலதுகை கிதாரைத் தலைகீழாகத் திருப்பிக் கம்பி மாட்டி வாசித்தே உலகப் புகழ் பெற்றார்.

1967 ஜூன் 18. கலிபோர்னியாவில் மான்டெரி என்ற ஊரில் இசை விழா. அன்று பிற்பகல் பண்டிட் ரவிசங்கர் சிதார், அல்லா ரக்கா தபலா. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அன்றிரவே மேடையேறிய ஹெண்ட்ரிக்ஸ், வாசித்து முடித்துத் தம் கிதாருக்குத் தீ வைத்தார். வாத்தியத்தைத் தெய்வமாகக் கும்பிடும் மரபில் வந்த ரவிசங்கர், அதைப் பார்த்து மனம் நொந்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சியின் கட்சியும் ரவிசங்கர் கட்சிதான். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், காலிபர், அரம் ஆகியவற்றோடு கிதாருக்கும் சந்தனம் வைக்கிறார். "அவன் வாசிப்புக்கு நான் அடிமை. ஆனா தீ வச்சதை மட்டும் மன்னிக்க மாட்டேன்" என்கிறார்.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழா. கடைசியாக ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது திங்கட்கிழமை காலையில். லட்சக்கணக்கில் வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டார்கள். மீதியிருந்தவர்கள் முன்னால், அமெரிக்க தேசிய கீதத்தை கிதாரில் வாசித்தார். இடையிடையே குண்டு விழும் ஓசையும் விமானத்தின் இரைச்சலும் கம்பியிலிருந்தே எழுந்தன. வியட்நாம் போர் நடந்த காலம் அது.

மறு ஆண்டு 1970 செப்டம்பர் 18-ல் லண்டனில் ஹெண்ட்ரிக்ஸ் இறந்தார். காரணம் அளவு மீறிய தூக்க மாத்திரை. வயது 27. 'பிங்க் ஃப்ளாய்ட்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், மனநிலை குலைந்து 1968-லேயே குழுவை விட்டு விலகினார். 2006-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தனிமையில்தான் காலம் கழித்தார். இந்த இசையைப் புகழ்பவர்கள் இதையும் மறைக்கக் கூடாது. அண்ணாச்சி மறைக்கவில்லை. "நமக்குப் போதைக்கு ஒரு கட்டிங் டீ போதும் தம்பி" என்றார்.

விரல் போனது, ஆசை போகவில்லை

கல்கத்தாவில் செய்த கிதார் ஒன்றை ஒன்றரை வருடம் சீட்டுப் பணம் கட்டி வாங்கினார். வெளிநாட்டுக் கிதாருக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். பக்கத்து அறையில் ஒரு கோவாக்காரர். அவருடைய தகப்பனார் கப்பலில் வேலை பார்த்து இசைத்தட்டுகள் கொண்டுவருவார். இருவரும் தட்டை ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி ஓட விட்டு ஒவ்வொரு சுரமாகப் பிடித்தார்கள். தபால் ஆபீஸில் வேலை பார்த்த இன்னொரு தமிழரும் சேர்ந்துகொண்டார். மாதத்தில் முதல் ஞாயிறு கச்சேரி. கேட்பதற்கு ஆள் தேவையில்லை, வாசிக்க மூன்று பேர் போதும்.

1978-ல், அவர் வேலை பார்த்த தனியார் பட்டறையில் இடதுகை மோதிர விரலின் நுனி போயிற்று. கம்பியை அழுத்தும் கை அது. "இனிமே கிதார் இல்லைன்னு அழுதேன். வீட்டுக்காரி, சம்பளம் போகுதேன்னு அழுதாள்" என்று நினைவு கூர்ந்தார்.

அப்போது கோவாக்காரர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு வந்தார். பர்மிங்காம் நகரில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்கு, வேலையின் கடைசி நாளில் இரண்டு விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. அவனும் கிதார்க்காரன், கம்பி அழுத்தும் கையில்தான் காயம். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, தோலைச் சுற்றி, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தான். அவன்தான் பின்னாளில் 'பிளாக் சப்பாத்' குழுவின் கிதார் கலைஞன். சான்பிரான்சிஸ்கோவின் ஜெர்ரி கார்சியாவுக்கும் வலதுகை நடுவிரலில் பெரும்பகுதி நான்கு வயதிலேயே போய்விட்டது.

லேத் வேலை தெரிந்தவருக்கு உறை செய்வது பெரிய காரியமா? நைலான் கட்டையைக் கடைந்து அண்ணாச்சி தமக்குத் தாமே ஒன்று செய்துகொண்டார். இன்று விரலில் இருப்பது ஒன்பதாவது உறை.

இரண்டரை நிமிடம்

மும்பையில் இந்த இசைக்கு வேறு நினைவுகளும் உண்டு. 1972-ல் 'லெட் செப்பலின்' குழுவின் ஜிமி பேஜும் ராபர்ட் பிளாண்டும் பம்பாய்க் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்தார்கள். கொலாபாவில் 'ஸ்லிப் டிஸ்க்' என்ற சிறிய கிளப்பிலும் வாசித்தார்கள். ரங் பவனில் 1986 முதல் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா நடந்தது. காலா கோடாவின் 'ரிதம் ஹவுஸ்' கடை 2016-ல் மூடப்பட்டது. அங்கே வாங்காமல் நின்று கேட்டுவிட்டு வந்த ஞாயிறுகளை அண்ணாச்சி எண்ணிச் சொல்கிறார்.

தபால் ஆபீஸ் நண்பர் இப்போது இல்லை. நான் போன ஞாயிறு, கோவாக்காரர் பிஸ்கட் டப்பாவில் தாளம் போட, அண்ணாச்சி வாசித்தார். ஹெண்ட்ரிக்ஸ் 1967-ல் வெளியிட்ட 'லிட்டில் விங்' என்ற பாட்டு. முழுப் பாட்டும் இரண்டரை நிமிடம்கூட இல்லை. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாகச் சுற்றி அடிக்கம்பியை அழுத்தும் ஹெண்ட்ரிக்ஸின் முறை, விரல் குறைந்த அண்ணாச்சிக்கு வரமாக அமைந்தது. நாற்பது வருடமாக அதைத் தப்பில்லாமல் வாசிக்க முயல்கிறாராம்.

ராக் இசை எனக்குத் தெரியாது. ஆனால் வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பது போல, அவர் கம்பியை வளைத்தபோது அந்த அறை அமைதியானது எனக்குத் தெரிந்தது. பாதியில் கை நடுங்கி ஒரு சுரம் தவறியது. நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா, இன்னைக்கும் இல்லை" என்றார்.

வாசலில் பிகாரிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் பையன் ஒருவன் செருப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டு கிதாரை மடியில் வைத்தார். அவன் விரலை எடுத்துக் கம்பியில் அழுத்தினார். "வலிக்கும். மூணு மாசம் தோல் உரியும். அதுக்குப் பிறகும் ஆசை இருந்தா சொல்லு" என்று இந்தியில் சொன்னார்.

பெட்டி தென்காசிக்குப் போகுமா, அந்தப் பையனிடம் தங்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் பார்சல் சீட்டில் அந்த இடத்தை எழுதாமலே வைத்திருக்கிறேன்.

வாசகர்களே, உங்கள் சாலிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கலாம். ஆர்மோனியமோ, தவிலோ, கிதாரோ, எதுவானாலும் சரி. வீடு காலி செய்யும் நாள் வருவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைத் தட்டி, "வாசிங்க, கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.