டாக்டர் நாயரின் தனிக்குறிப்பு

நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவருள் ஒருவராகவே டாக்டர் டி. எம். நாயரை நாம் அறிவோம். அவர் தொழிலால் மருத்துவர். 1868இல் மலையாள நாட்டின் தரவத்து என்னும் உயர்குடியில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, சென்னையில் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார்.

1907இல் அமைந்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷனில் அவரும் ஓர் அங்கத்தினர். மின்விளக்கு வந்தபின் பஞ்சாலைகள் சிலவற்றில் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வரை, சில வேளை அதற்கு மேலும், வேலை வாங்கப்பட்டது. எனினும் வயதுவந்த ஆடவரின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தலாகாது என்றனர் பெரும்பான்மையோர். நாயர் உடன்படவில்லை, 12 மணி நேரமே வரம்பாதல் வேண்டுமெனத் தனிக்குறிப்பு எழுதினார். அரசியல்வாதியினும் மருத்துவரே அதில் பேசுகிறார் என்பது என் எண்ணம்.

1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆடவருக்கும் அவ்வரம்பையே விதித்தது. நீதிக் கட்சி தோன்றியது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்தே.