பறவையைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுதல்

பசுமைப்படை மாணவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்று திரும்பியதும் பல பள்ளிகளில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்த நாரை, படத்தில் இலையோடு இலையாகக் கிடக்கும். குறை கேமராவில் இல்லை. பறவை அமர்ந்திருப்பது ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரத்தில். பின்னாலுள்ள கிளைகள் அதற்கு மிக அருகில் இருக்கின்றன. நாம் நிற்பதோ வெகு தொலைவில். அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் பறவையும் கிளையும் ஏறத்தாழ ஒரே கூர்மையில் பதிகின்றன. நேரில் அதன் அசைவு நமக்கு அதைக் காட்டிக்கொடுத்தது. படத்தில் அசைவு ஏது?

இதைச் சரிசெய்ய ‘ரா’ கோப்பு உதவும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிநிலைகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384. அதனால் இருண்ட இறகைச் சற்று வெளுக்கச் செய்தாலும் விவரம் சிதையாது. டார்க்டேபிள், ராதெரபி ஆகிய மென்பொருள்கள் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

முதலில் படம் முழுவதற்கும் வெண்சமநிலையையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய வேண்டும். அடுத்துப் பறவையைச் சுற்றி ‘மாஸ்க்’ வரைய வேண்டும். மாஸ்க் என்பது, செய்யும் மாற்றம் எந்தப் பகுதிக்கு மட்டும் என்று எல்லை குறிப்பது. பலர் உடனே பறவையைப் பளிச்சென்று ஆக்கத் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் பின்னணியிலிருந்து தொடங்குவதே நல்லது. பின்னணியின் வெளிச்சத்தையும் நிறச்செறிவையும் மாறுபாட்டையும் சிறிது குறைத்தாலே பறவை தானாக முன்னே வந்துவிடும். கூர்மையைப் பறவைக்கு மட்டும், குறிப்பாகக் கண்ணுக்கும் அலகுக்கும் கூட்டலாம். புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பின்னணியில் மட்டும் நீக்கலாம். மாஸ்கின் விளிம்பு மென்மையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பறவையைச் சுற்றி சாமி படத்து ஒளிவட்டம் போல ஒன்று தோன்றும்.

வேலை சரியா என்று பார்க்க எளிய வழி, படத்தைச் சற்று நேரம் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்களைப் படமெடுத்தார். அங்கே நிறம் கைகொடுக்காது. விலங்கு தனித்துத் தெரிய ஒளியும் நிழலும் மட்டுமே வழி. சாம்பல் நிறங்களிலும் நம் நாரை தனித்து நின்றால் போதும், நிறுத்திவிடலாம்.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்துமா? கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஏரிக்கரையிலும் வயலிலும் நிற்கும் மடையானை எடுத்துக்கொள்வோம். இனப்பெருக்கக் காலம் தவிர்த்த நாள்களில் அதன் கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கோடுகள் இருக்கும். சேற்றோரம் அசையாமல் நின்றால் ஆளே தெரியாது. பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு பளீரெனத் தெரியும். சூழலோடு ஒன்றி மறையும் தகவமைப்பைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், மடையானைச் சேற்றிலிருந்து வெட்டி எடுத்துப் பச்சைத் திரையில் ஒட்டினால், கற்பிக்க வந்த செய்தியே அங்கே அழிந்துபோகிறது. அந்த வகுப்புக்குத் திருத்தாத படமே தேவை. முதலில் அதைக் காட்டிப் பறவையைத் தேடச் சொல்லுங்கள்; பிறகு திருத்திய படத்தைக் காட்டுங்கள்.

ஒளியைத் திருத்துவது வேறு, இருப்பதை இடம் மாற்றுவது வேறு. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டைக்காக கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. இன்றும் அது தவறான எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. குறுக்கே நிற்கும் கிளையை மாணவர் அழிக்க விரும்பினால், அந்தக் கிளையில்தான் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பெரிய காட்டுயிர்ப் படப் போட்டிகள் மூல ரா கோப்பைக் கேட்டு வாங்குவதும் இந்தச் சோதனைக்காகவே.

ஆகவே மூலக் கோப்பை அழிக்காமல் தனி உறையில் வைக்கவும். அறிவியல் கண்காட்சிக்கு வைக்கும் படத்தின் கீழே மாணவர் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லலாம்: இடம், நாள், பறவையின் பெயர், ‘பின்னணியின் வெளிச்சம் குறைக்கப்பட்டது, எதுவும் நீக்கப்படவில்லை.’