உங்களுக்குத் தெரியுமா? ஓல்டு டிராஃபோர்டில் எப்போது சீசன்?

குற்றாலத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள்: சாரல் விழும்போது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இருக்கும் ஓல்டு டிராஃபோர்டு கால்பந்து மைதானத்துக்கு? மான்செஸ்டர் யுனைடெட் அணியின் வீடு அது. விசாவுக்கும் விமானத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

● மான்செஸ்டரை மழை ஊர் என்பார்கள். ஆனால் அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதைச் சேர்த்தாலும் 800 மி.மீ. சொச்சம்தான். சென்னைக்கு சுமார் 1,400 மி.மீ.! நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கே தன் கணக்கை ஏறக்குறைய 150 நாள்களுக்குத் தவணை முறையில் கட்டுகிறது வானம். மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் மழைக்குப் பயந்து தேதி குறிப்பது வீண் வேலை.

● கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அசல் மான்செஸ்டரில் பஞ்சாலைகள் பெருகியதற்கு இந்தத் தூறலும் ஒரு காரணம். காற்று வறண்டால் நூல் அறும். ஈரக் காற்றில் இழை தாங்கும்.

● அந்த ஆலைகளுக்கும் கால்பந்துக்கும் தொடர்பு உண்டு. 1850-ல் வந்த பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை வேலையை 2 மணியோடு முடிக்கச் சொன்னது. அவர்கள் போய்விட்டால் ஆலை எப்படி ஓடும்? ஆண்களுக்கும் விடுதலை. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் என்ற இங்கிலாந்து வழக்கத்தின் வேர் அந்த அரை நாள் விடுமுறையில் இருக்கிறது.

● யுனைடெட் அணியைத் தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். 1878-ல் பிறந்தபோது பெயர் நியூட்டன் ஹீத். 1902-ல்தான் இன்றைய பெயர். ஓல்டு டிராஃபோர்டில் முதல் ஆட்டம் 1910 பிப்ரவரி 19 அன்று. எதிரி லிவர்பூல். புதுமனை புகுவிழாவில் வீட்டுக்காரர் 3-4 என்று தோற்றார்!

● குற்றாலத்தில் சீசன் என்றால் தண்ணீர் விழ வேண்டும். இங்கே பந்து உருள வேண்டும். பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள், அதில் சொந்த மைதானத்தில் 19. ஜூன், ஜூலையில் வெயில் இதமாக இருக்கும், இரவு 9.30 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆனால் லீக் ஆட்டம் ஒன்றுகூட இருக்காது. மாப்பிள்ளை இல்லாத கல்யாண மண்டபம்தான்.

● விதிவிலக்குகள் உண்டு. 1966 உலகக் கோப்பையின் மூன்று ஆட்டங்கள் ஜூலையில் இங்கே நடந்தன. 2022 ஜூலை 6 அன்று பெண்கள் ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்கேதான். இங்கிலாந்தும் ஆஸ்திரியாவும் மோதியதைப் பார்க்க 68,871 பேர் வந்தார்கள்.

● “ஓல்டு டிராஃபோர்டு” என்று மட்டும் டாக்சிக்காரரிடம் சொன்னால் இடம் மாறிப்போகலாம். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அதே பெயரில் கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. 17 வயது சச்சின் தன் முதல் டெஸ்ட் சதத்தை 1990-ல் அடித்தது அங்கே. 2019 ஜூலையில் மழையால் இரண்டு நாள் இழுத்த உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதும் அங்கேதான். நம்ம ஊர் வாஷிங்டன் சுந்தர் 2025 ஜூலையில் முதல் டெஸ்ட் சதம் அடித்ததும் அதே புல்வெளியில். ஜூலையில் போகிறவர்களுக்கு இது ஆறுதல் பரிசு.

● டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். 3 மணி ஆட்டத்தின் இரண்டாம் பாதி முடிவதற்குள் இருட்டிவிடும். இங்கே மின்விளக்குக் கோபுரங்கள் வந்ததே 1957-ல்தான். அதற்கு முன் நடுக் குளிர்காலத்தில் ஆட்டத்தைச் சீக்கிரமே தொடங்கி, வெளிச்சத்தோடு முடித்துக்கொள்வார்கள்.

● குளிர்காலம் வந்தால் பந்தின் நிறமும் மாறும். மங்கிய வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக பிரீமியர் லீக்கில் மஞ்சள் பந்தைப் பயன்படுத்துகிறார்கள்.

● புல்லுக்கு அடியில் சூடேற்றும் குழாய்கள் ஓடுகின்றன. வெளியே உறைபனி என்றாலும் தரை கல்லாக இறுகாது. உயரமான பார்வையாளர் மாடங்கள் வெயிலை மறைப்பதால், ஆட்டம் இல்லாத நாள்களில் வரிசையாக விளக்குகளை உருட்டி வந்து புல்லுக்கு “வெயில்” காட்டுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆடுகளம் சுற்றியுள்ள தரையைவிடச் சற்று மேடு. கார்னர் அடிக்கப் போகிற வீரர் பின்வாங்கும்போது சரிவில் இறங்கி, ஓடி வரும்போது மேடேறித்தான் பந்தை உதைப்பார். டிவியில் இது சரியாகத் தெரியாது.

● பிப்ரவரி 6-ல் போனால் வேறொரு ஓல்டு டிராஃபோர்டைப் பார்க்கலாம். 1958-ல் அன்றுதான் ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தில் அணி வந்த விமானம், பனிச்சேறு படிந்த ஓடுபாதையிலிருந்து மேலெழ முடியாமல் நொறுங்கியது. இறந்த 23 பேரில் 8 பேர் அணி வீரர்கள். மைதானத்துச் சுவரில் அந்தத் தேதியைத் தாங்கிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில், விபத்து நடந்த பிற்பகல் 3.04 மணிக்கு ரசிகர்கள் கூடி அமைதியாக நிற்கிறார்கள்.

● 1941 மார்ச் 11 இரவு ஜெர்மானிய விமானங்கள் போட்ட குண்டில் பிரதான மாடம் தரைமட்டமானது. 1949 வரை பரம எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் குடக்கூலிக்கு ஆடினார்கள்! 1910-ல் கட்டியதில் இன்றும் மிஞ்சியிருப்பது நடுப்பகுதியில் உள்ள பழைய சுரங்க வழி மட்டுமே. 2008-ல் அதற்கு மியூனிக் சுரங்க வழி என்று பெயர் வைத்தார்கள்.

● உடை மாற்றும் அறை, அருங்காட்சியகம் என்று உள்ளே சுற்றிக் காட்டுவதற்குத் தனிச் சீட்டு உண்டு. ஆட்ட நாளில் மட்டும் அந்த வழக்கமான சுற்று கிடையாது. ஆகவே இரண்டு நாள் தங்குங்கள்: ஒரு நாள் ஆட்டத்துக்கு, மறுநாள் சுற்றிப் பார்க்க.

● டிவி ஒளிபரப்புக்காக ஆட்டத் தேதிகள் வெள்ளியிலிருந்து திங்கள் வரை எங்கு வேண்டுமானாலும் நகரும். சனிக்கிழமை ஆட்டம் என்று நம்பி ஞாயிறு காலை விமானத்தைப் பதிவு செய்தால் அம்போ! செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மார்ச்சிலும் நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் இடையிடையே நிற்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

● மே மாதமும் மழைக்கு விதிவிலக்கல்ல. 2024 மே 12-ல் ஆர்சனல் ஆட்டத்தன்று பெய்த மழையில் மைதானக் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. குற்றாலம்தான், போங்கள்!

● இந்த வீட்டுக்கு இனி அதிக ஆயுள் இல்லாமல் போகலாம். பக்கத்திலேயே ஒரு லட்சம் பேர் அமரும் புதிய மைதானம் கட்டும் திட்டத்தை நிர்வாகம் 2025-ல் அறிவித்தது. தேதி, குண்டு விழுந்த அதே மார்ச் 11. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் வரைபடத்தில் மைதானத்துக்கு மேலே பிரம்மாண்டமான குடை ஒன்று விரிகிறது. மழைநீரைச் சேகரிக்கும் குடை.

● சரி, எப்போது போகலாம்? பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நம் நாட்காட்டியே வழி சொல்கிறது. முழுப் பரீட்சை லீவு என்றால் மே முதல் பாதிக்குள் போய்விடுங்கள். பிந்தினால் கதவு சாத்தியிருக்கும். அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ் நேரம். ஆட்டங்கள் நெருக்கமாக வரும், ஆனால் டிசம்பர் 25, 26-ல் ரயில் ஏறக்குறைய ஓடாது, குளிரும் எலும்பைத் தொடும். காலாண்டு லீவுதான் என் ஓட்டு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம், அதுவும் நாட்டு அணிகளுக்காக லீக் நிற்காத நாள்களாகப் பார்த்து: அணி ஓரளவு செட்டாகியிருக்கும், ஸ்வெட்டர் ஒன்று போதும், மாலை ஆட்டத்தில் விளக்கு வெளிச்சத்தினூடே தூறல் சரம் சரமாக இறங்கும். மழை விட்டாலும் தூவானம் விடாத ஊர் அது. பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும்.