கல்லாப் பணமும் கிடங்குச் சரக்கும்

காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கதவு சாத்தும் நமக்கு விளையாட்டுச் செய்தி எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். நம் சங்கத்தில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாத மூத்த உறுப்பினர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் திண்டில் சாய்ந்தே காலம் தள்ளிய நாம், டிரையத்லான் என்ற போட்டியைப் பற்றிப் படித்தபோது, வியாபாரிக்கு உடனே புரியக்கூடிய சங்கதி ஒன்று அதில் இருக்கக் கண்டோம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் முடிப்பதே டிரையத்லான். நடுவே உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது இடம் பெற்றது. அதைவிடப் பழையதும் கடினமானதும் ஹவாய்த் தீவில் 1978-ல் தொடங்கிய ‘அயர்ன்மேன்’ போட்டி. கடலில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், பிறகு 42.2 கி.மீ. ஓட்டம். முதல் ஆண்டு 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள்.

இதில் ஆறு முறை பட்டம் வென்றவர் அமெரிக்கரான மார்க் ஆலன். ஆனால் 1982 முதல் 1988 வரை அவர் ஹவாயில் ஆறு முறை இறங்கியும் ஒரு முறைகூட வெல்லவில்லை. ஒரு தடவை சைக்கிள் கியர் உடைந்தது, ஒரு தடவை டயர் பஞ்சர், ஒரு தடவை வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. டேவ் ஸ்காட் என்ற இன்னொரு வீரர் அவரை முந்திக்கொண்டே இருந்தார்.

ஆலனுக்குப் பயிற்சி முறையை மாற்றிக் கொடுத்தவர் பில் மாஃபெட்டோன் என்ற ஆலோசகர். அதுவரை ஆலன் ஒரு மைலை ஐந்தரை நிமிடத்தில் ஓடிப் பயிற்சி செய்து வந்தார். ‘நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 155-ஐத் தாண்டாமல் ஓடுங்கள்’ என்றார் மாஃபெட்டோன். அப்படி ஓடியபோது ஒரு மைலுக்கு எட்டேகால் நிமிடம் ஆயிற்று. முன்னணி வீரருக்கு இது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! ஆனாலும் விடாமல் செய்தார். ஓராண்டு போல ஆனபின் அதே 155 துடிப்பில் ஒரு மைலை ஐந்து நிமிடம் இருபது வினாடியில் ஓடினார்.

இதன் சூட்சுமம் இதுதான். உடம்பில் சேமித்துள்ள சர்க்கரைச் சத்து கல்லாவில் இருக்கும் ரொக்கம் மாதிரி. எடுப்பது சுலபம், சீக்கிரம் தீர்ந்துவிடும். கொழுப்பு என்பது கிடங்குச் சரக்கு. ஒல்லியான ஆளிடமும் ஏராளமாக உண்டு, ஆனால் மெதுவாகத்தான் வெளியே வரும். தலைதெறிக்க ஓடினால் உடம்பு கல்லாவில்தான் கை வைக்கும். நிதானமாக மாதக் கணக்கில் ஓடிப் பழகினால் கிடங்கிலிருந்து எடுத்துச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளும். எட்டு மணி நேரப் போட்டிக்குக் கல்லாப் பணம் மட்டும் எப்படிப் போதும்? கடை திறந்த மூன்றாம் மாதமே அரிசி மண்டி, எண்ணெய் ஏஜென்சி என்று கிளை விரித்துக் கைமுதல் தீர்ந்து நின்றவர்களை நாம் பார்த்ததில்லையா!

1989 அக்டோபரில் ஆலனும் ஸ்காட்டும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்திலேயே சென்றார்கள். ஓட்டத்தின் கடைசி இரண்டு மைலுக்குள், ஒரு மேட்டில்தான் ஆலன் பிரிந்து முன்னேறினார். 8 மணி 9 நிமிடம் 15 வினாடி. ஸ்காட்டைவிட 58 வினாடி முன்னால். அன்று அவர் மாரத்தான் ஓடிய நேரத்தை 2016 வரை அந்தப் பாதையில் யாரும் முறியடிக்கவில்லை. ஆறாவது பட்டத்தை 1995-ல், தம் 37-ம் வயதில் வென்றார்.

ஆலன் இளைஞர், நமக்கும் அவருக்கும் என்ன என்பீர்கள். நம்மைப் போன்ற அறுபதைத் தாண்டியவர்களுக்காக ஜப்பானின் ஹிரோமு இனாடாவைச் சொல்கிறோம். 1932-ல் பிறந்த இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அறுபது வயதில்தான் நீச்சலைப் பிடித்துக்கொண்டார். (நமக்கோ குளத்துப் படியில் நின்று முங்கத்தான் தெரியும்.) எழுபதில் முதல் டிரையத்லான். பிறகு அயர்ன்மேன். ஒரே நாளில் வந்ததல்ல, ஒவ்வொரு படியாகப் பத்துப் பதினைந்து ஆண்டு ஏறினார். உறுப்பினர்கள் எவரேனும் காலை நடையைத் தொடங்குவதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்திலேயே தொடங்குவது நலம்.

அயர்ன்மேனுக்குக் கெடு 17 மணி நேரம். 2015-ல் இனாடா கோட்டை நெருங்கும்போது விழுந்து எழுந்து வந்தார். ஐந்தே வினாடி தாமதம், கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது அவருக்கு வயது 82. மறு ஆண்டு மீண்டும் ஹவாய் வந்து கெடுவுக்குள் முடித்தார். 2018-ல், 85-ம் வயதில், மறுபடி இறங்கினார். காலையில் கடலில் குதித்தவர் கோட்டைத் தொட்டபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது. கடிகாரம் 16 மணி 53 நிமிடம் 49 வினாடி காட்டியது.