செய்து பார் – 14: வால் டியூபும் தீக்குச்சியும்

போன வாரம் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் நின்றிருந்தோம். 1972-ல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில், அனில் சத்கோபாலின் கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியா கிராம மையமும் சேர்ந்து, சோதனை வழியே அறிவியல் சொல்லித்தரும் திட்டத்தைத் தொடங்கின. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும். சோதனை செய்தே அறிவியல் படித்த அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வு எப்படி வைத்தார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே வால் டியூப் வந்துவிட்டது.

அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978-ல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோசங்காபாத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் சோதனைக் கருவி வாங்கக் காசு கிடையாது. வாரச் சந்தையில் சுற்றி, மலிவாகக் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்து, இதை வைத்து எதைக் காட்டலாம் என்று பார்த்திருக்கிறார். அதில் அமைந்த ஜோடிதான் தீக்குச்சியும், சைக்கிள் வால்வில் மாட்டும் ரப்பர் குழாயான வால் டியூபும். குழாயின் துளைக்குள் குச்சி கச்சிதமாக இறுகி நிற்கிறது. பசை வேண்டாம், ஆணி வேண்டாம்.

இந்தக் குழாயே ஒரு பாடம். பழைய மாதிரி வால்வின் பித்தளைத் தண்டில், பக்கவாட்டில் ஒரு பொடித்துளை இருக்கும். அதை மூடிக்கொண்டு வால் டியூப் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பம்பு அடித்தால் காற்று துளை வழியாக வந்து, ரப்பரை லேசாகத் தூக்கிவிட்டுச் சக்கரத்தின் டியூபுக்குள் போகும். அடிப்பதை நிறுத்தியதும், உள்ளே போன அதே காற்று ரப்பரைத் துளைமேல் அமுக்கிவிடும். வெளியேறப் பார்க்கும் காற்றே கதவையும் சாத்திக்கொள்கிறது! இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டினோமே, யாராவது கழற்றிக் காட்டினார்களா?

புது சைக்கிள்களில் பைக் மாதிரி வால்வு வந்துவிட்டதால் இப்போது வால் டியூபைத் தேடித்தான் வாங்க வேண்டும். எங்கள் தெரு முனைக் கடைக்காரரிடம் கேட்டேன்.

“எத்தனை வண்டிக்கு சார்?”

“வண்டிக்கு இல்லண்ணே. முக்கோணம் செய்யணும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு சுருள் எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார், அதுதான் விசேஷம்.

செய்முறை எளிது. குச்சிகளின் மருந்தைச் சுரண்டி எறிந்துவிடுங்கள் (பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது). குழாயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டின் இரு முனையிலும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு தயார். மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். விரலால் அமுக்கிப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்யுங்கள். தொட்டதுமே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். செல்போன் கோபுரத்திலும் இரும்புப் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று கேட்கும் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விஷயம் இங்கேதான் சூடுபிடிக்கிறது. ஆடும் சதுரத்தை நிறுத்தக் குறுக்கே ஒரு குச்சி வைக்கலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். வைத்தால் எட்டாது. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப்போல் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. அதே நீளக் குச்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சதுரம் சாய்ந்து கொடுத்து இரண்டு சமபக்க முக்கோணங்களாகிவிடும். நிமிர்ந்த சதுரமே வேண்டுமென்றால் ஈர்க்குச்சியை உடைத்து அளவு பார்க்க வேண்டும். இரண்டின் வர்க்கமூலத்தை ஒரு குழந்தை முதலில் ஈர்க்குச்சியாகச் சந்திப்பதில் எனக்குப் பரம சந்தோஷம்.

நம் மேல்நிலைப் பள்ளிச் செய்முறை நோட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கம் காணத் தனி ஊசலை யார் ஆட்டினாலும் விடை (செ.மீ./வி²-ல்) 980-ஐ ஒட்டியே வந்து நிற்கும். ஊசலையே ஆட்டாத நோட்டில் இன்னும் துல்லியமாக வரும். முதலில் விடை, அதற்கேற்ற அளவீடு பிறகு என்ற இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவிட்டு, மாணவர்கள் ஆராய்ச்சிக்கு வரவில்லையே என்று மேடைதோறும் அங்கலாய்க்கிறோம்.

ஹோசங்காபாத்தின் ‘பால் வைஞானிக்’ பாடநூலில் இந்தக் கள்ளத்தனத்துக்கு இடமே வைக்கவில்லை. 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அந்தப் புத்தகங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், கேள்வி கேட்கும், விடையைச் சொல்லாது. கூட்டாகச் சோதனை செய்து, பேசி, கண்டதை அவரவர் நோட்டில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் அந்த நோட்டுதான் பாதிப் பாடநூல்.

அப்படியானால் தேர்வு? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினார்கள், செய்முறைத் தேர்வும் உண்டு. அதைப் பிள்ளைகள் எப்படி எதிர்கொண்டார்கள், 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவிய திட்டத்தை 2002-ல் மாநில அரசு ஏன் நிறுத்தியது என்பதெல்லாம் அடுத்த வாரம். இடம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது முறையாகப் போன் வருகிறது.

அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. இரண்டு குச்சி மாட்டிய மூட்டின் நடுவில் கருவேல முள்ளால் குத்தி, நுனி சீவிய மூன்றாவது குச்சியைச் செருகினால் மூன்று குச்சி மூட்டு கிடைக்கும். அப்படி எட்டு மூட்டும் பன்னிரண்டு குச்சியும் சேர்ந்தால் கனசதுரம். நிற்காமல் ஆடும். முகங்களின் குறுக்கே ஈர்க்குச்சி கொடுத்து அதை நிறுத்துங்கள். குறைந்தது எத்தனை ஈர்க்குச்சி வேண்டும்? தாளில் கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள், செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.