தூசியை எங்கே நின்னு அளக்கணும்?

ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது கீழே கருப்பூர் பக்கம் நிலம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். டூர்ல நாம செல்ஃபி எடுத்த அதே இடம்தான். அது மேக்னசைட் சுரங்கம். அந்த வெள்ளைக்கல்லை உடைத்து, சூளையில் 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால், இரும்பு உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள் ரெடி.

உடைக்கும்போது தூசி பறக்கும். கேட் பக்கம் ஒரு கருவியை வைத்து அளந்தால், அது கேட்டோட காற்று. கிரஷர்கிட்ட நிற்கிறவர் மூக்குக்குள் போவது வேற. அதனால் அவர் பெல்ட்டில் ஒரு குட்டி பம்ப், சட்டைக் காலரில் ஃபில்டர். அதற்கு முன்னால் இருக்கும் சைக்ளோன் பெரிய தூசியைத் தள்ளிவிடும். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்தூசி மட்டும் ஃபில்டரில் படியும்.

கணக்கு ஈஸி. நிமிடத்துக்கு 2 லிட்டர், 8 மணி நேரத்தில் 960 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர்! ஃபில்டர் எத்தனை மில்லிகிராம் கூடுதோ, ஏறக்குறைய அதுதான் அளவு. (மனுஷன் அதே ஷிஃப்ட்டில் இழுப்பது சுமார் 10 கன மீட்டர்.)

தூசியில் குவார்ட்ஸ் இருந்தால், 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948 சொன்ன வரம்பு: 10-ஐ, குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி வகுக்கணும். 8 சதவீதம்னா 1 மில்லிகிராம். ஒரு கல் உப்பை விடக் குறைவு. சிலிக்கோசிஸ் வெளியே தெரிய வருஷங்கள் ஆகும், வந்தால் குணமாகாது.

தண்ணி தெளிச்ச நாளில் அளந்தா எண் அழகா வரும். இன்டர்ன்ஷிப் போனா, துடைப்பத்தோட காய்ஞ்ச தூசியைப் பெருக்குறவர் காலர்ல பம்ப் மாட்டினாங்களான்னு கேட்டுப் பாருங்க.